பதினான்காவது குன்றிமணி

ஏப்ரல் 23, புதன்

மூன்று ரவிக்கைகளுக்குக் கைவேலை பாக்கி. ஒன்றுக்கு மயில் வேண்டும் என்றார்கள். மயிலை வரைந்து முடித்த பிறகு அன்னமாக மாற்ற முடியுமா என்கிறார்கள். முடியும். மயிலுக்குத் தோகையை வெட்டினால் எல்லாம் அன்னம்தான்.

கோதைக்கு இன்றோடு பரீட்சை முடிந்தது. எட்டு வயதுக்கு என்ன பரீட்சையோ. பையை வீசிவிட்டு முதல் கேள்வி: "அம்மா, நம்ம மரம் எப்ப?"

நம் மரம். அதை நினைத்தாலே எனக்குப் பயம்.

தென்னூர் பெலிண்டா தொடங்கி வைத்த விளையாட்டு இது. அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், மரம் என்றால் பைத்தியம். பூத்து நிற்கிற மரத்தின் அருகில் ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைக்க வேண்டும். இடத்தை ஃபோன் மேப்பில் குறித்துவிட்டால் மற்றக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தேடும். டப்பாவுக்குள் ஒரு குட்டி நோட்டு, பென்சில், சில்லறை விளையாட்டுச் சாமான்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். நோட்டில் சொந்தப் பெயர் வேண்டாம், விளையாட்டுப் பெயர் போதும். தின்பண்டம் மட்டும் கூடவே கூடாது. ஏழு குடும்பம், ஒரு வாட்ஸ்அப் குரூப். பொன்மலையில் இயல்வாகை, கன்டோன்மென்டில் மரமல்லி என்று இரண்டு வருஷமாக நாங்கள் தேடுகிற கட்சி. இந்த வருஷம் ஒளிக்கிற கட்சி. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில் உள்ள கொன்றை எங்களுக்கு வந்திருக்கிறது.

கோதை மரத்தை நோக்கி ஓடுவாள், நான் பின்னாலேயே "பாம்பு, பாம்பு" என்று ஓடுவேன். "உங்கம்மா இருக்கிற வரைக்கும் பாம்பு பயமே இல்ல. சத்தத்துக்கே ஓடிரும்" என்பார் இவர். (லக்ஷ்மணன் என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது. இவர் என்றே இருக்கட்டும்.)


ஏப்ரல் 26, சனி

டப்பாவில் வைக்க எல்லாரும் பென்சில் சீவி, ரப்பர், பலூன் என்று வாங்குகிறார்கள். கைவேலைக்காரி நானும் பலூன் வைத்தால் மரியாதையா? விதையில் கைவளையல் கோக்கலாம் என்று தோன்றியது. பூமரத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடையில், முழுச் சிவப்பாக இருக்குமே, அந்த மஞ்சாடி விதை கேட்டேன். "மஞ்சாடி இல்லம்மா. குன்றிமணி இருக்கு, தரட்டுமா?" என்றார். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்து, மஞ்சாடியைவிட இது எவ்வளவோ அழகு. பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற விதை. வாங்கிவிட்டேன்.

ஓட்டை போடுவதற்குள் உயிர் போனது. கல் மாதிரி. ஊற வைத்து, ஊசியைச் சுட வைத்துக் குத்தினால்தான் இறங்குகிறது. ஒரு வளையலுக்குப் பதினான்கு விதை, நடுநடுவே பச்சைக் கண்ணாடி மணி, உள்ளே எலாஸ்டிக் நூல். ஆறு வளையல் ஆயிற்று. ஒன்றைக் கோதை அப்போதே மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள்.

"டப்பாவை ஒளிக்கத்தான் பயம். சாமானெல்லாம் ஜோரா பண்றியே" என்றார் இவர். அவருக்குத் துவாக்குடி லேத் பட்டறையில் இரும்பைத்தான் குடையத் தெரியும். இதைச் செய்து பார்க்கட்டும்.


ஏப்ரல் 27, ஞாயிறு

வைத்தாயிற்று.

மரம் முழுக்க மஞ்சள். இலை இருக்கிற இடமே தெரியவில்லை. கோதை அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "யாரோ பந்தல் போட்டுட்டு மறந்து போயிட்டாங்க" என்றாள். வேருக்குப் பக்கத்தில் இரண்டு கல் இடுக்கில் டப்பா. மேலே ஓடு. உள்ளே மூன்று வளையல், நான்கு ரப்பர், ஒரு விசில். மீதி இரண்டு வளையல் வீட்டில்.

சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்தார். நான் உடனே செருப்பு அறுந்தது போலக் குனிந்தேன். "ஏதும் தொலைஞ்சிருச்சாம்மா?" என்று இறங்கியே வந்துவிட்டார். டப்பாவை வைத்த பிறகு வந்து சேர்ந்த பெலிண்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க சும்மா நின்னாலே போதும் கமலா. முழிக்கிற முழியிலதான் ஆளுங்களுக்குச் சந்தேகம் வருது" என்றாள்.

சந்தோஷமாக இருந்தேன் இன்று. எழுதி வைக்கிறேன்.


மே 4, ஞாயிறு

காலையில் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்தோம். நோட்டில் முதல் பதிவு! பெரிய பெரிய எழுத்தில்: "மே 2. மூணு குருவி. கொன்னப் பூ சூப்பர். இந்தப் பெட்டி யாரோடது? தாங்க்ஸ்." குரூப்பில் அப்படி ஒரு பெயர் கிடையாது. மேப் பார்க்காமல் தற்செயலாக யாரோ பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வளையலை எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சாவி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சாவிக்கொத்து வைத்திருக்கிறார்கள். எடுத்தால் வைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் அவர்களுக்கு? டப்பா மூடியில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மீதி இரண்டு வளையலையும் நோட்டையும் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன்.

பெருமை பத்து நிமிஷம்.

பெலிண்டா கூப்பிட்டாள். எடுத்ததும், "கமலா, அது மஞ்சாடி இல்லியே? குன்றிமணிதானே?"

"ஆமா. அழகா இருக்குல்ல?"

"ஓட்டை போட்டுக் கோத்தீங்களா?"

"பின்ன எப்படிக் கோக்கிறது?"

அவள் மெதுவாகச் சொன்னாள். குன்றிமணி விஷம். முழுசாக விழுங்கினால் மேல் ஓடு கெட்டி என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஓட்டை போட்டதோ மென்றதோ உள்ளே போனால் விஷம் இறங்கும். சின்னப் பிள்ளைக்கு ஒன்றே போதும்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிள்ளையாருக்கு வைக்கிறோமே?" என்று கேட்டேன். புத்தி அப்படித்தான் போயிற்று.

ஃபோனைப் போட்டுவிட்டுக் கோதையிடம் ஓடினேன். டிவி பார்த்துக்கொண்டு வளையலின் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். நூலை. பிடுங்கினேன், கை சிவந்துவிட்டது பாவம். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்கு. மறுபடி எண்ணினேன். இவர் ஒருமுறை எண்ணினார். பதினான்கு. அவள் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடியில் பார்த்தேன். என்னைப் பார்த்துப் பயந்து அழுதுவிட்டாள்.

டப்பாவில் இருந்த இரண்டையும் இவர் வண்டியில் போய் எடுத்து வந்தார். ஐந்து வளையல் கையில். ஆறாவது மூணு குருவியிடம்.

யார் அந்த மூணு குருவி? எத்தனை வயது?


மே 5, திங்கள்

இவர் சொல்வது: "பெட்டியில நம்ம பேரு இல்ல. யாருக்கும் தெரியாது. குரூப்புல போட்ட படத்தை அழிச்சிரு. ஏதாவது ஆயிடுச்சுன்னா கேஸு, கோர்ட்டு... கோதையை யாரு பார்ப்பா?"

அழித்துவிட்டேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழித்தேன். அழித்த பிறகு டப்பாவில் ஒரு அறிவிப்பு எழுதி வைத்து வந்தேன்: "சிவப்பு வளையல் எடுத்தவர்கள் தயவுசெய்து குழந்தை கையிலிருந்து கழற்றிவிடவும். விதை விஷம்." ஃபோன் நம்பர் எழுதவில்லை. பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன்.

பெலிண்டா படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒருவேளை அந்தப் பிள்ளை முழுங்கியிருந்தா? நம்பர் இல்லாம யாரைக் கூப்பிடுவாங்க கமலா?"

ஃபோனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது அவள் மேல். கோபமா அது? அவள் சரியாகத்தானே கேட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு இன்று தெருவில் போகிற பிள்ளைகள் எல்லாம் சிவப்பு வளையல் போட்டிருந்தார்கள்.


மே 6, செவ்வாய்

ஒரு தைப்பு கூடப் போடவில்லை. இவர் வளையல்களோடு எடுத்து வந்த அந்தச் சாவிக்கொத்து மேஜை மேல் கிடந்தது. காலையில்தான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தேய்ந்த எழுத்தில் ஒரு கடைப் பெயர்: நூர் ஃபேன்சி, பாலக்கரை.

இவரிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகு கோதையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறி, யாரோ என் காலை மிதித்ததுகூட உறைக்கவில்லை. பாலக்கரையில் இறங்கி இரண்டு பேரிடம் கேட்டேன். கடை திறந்துதான் இருந்தது.

உரிமையாளர் காஜா மைதீன். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சாவிக்கொத்தைப் பார்த்தார். "இது நம்மளதுதான். பெருநாளைக்கு வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தது. ஐந்நூறு குடுத்தேன். அதுல யாருன்னு நான் சொல்றது?"

முதலில் பொய் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம் தவறவிட்டது, திருப்பித் தர வேண்டும் என்றேன். "சாவிக்கொத்துக்கா சீரங்கத்துலேர்ந்து வந்தீங்க?" என்று சிரித்தார். அப்படியே திரும்பி வந்துவிடலாம் என்று படியில் இறங்கிவிட்டேன். இறங்கிய இடத்தில் ஒரு அம்மா இரண்டு வயதுப் பிள்ளைக்கு வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உடனே கையை வாய்க்குக் கொண்டுபோனது.

திரும்பி ஏறிப் போய்ச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். டப்பா, மரம், ஊசி, ஓட்டை. நின்றுகொண்டே அழுதேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஸ்டூல் எடுத்துப் போட்டார். "வாட்ஸ்அப்புல கஸ்டமர் குரூப் ஒண்ணு, எங்க ஜமாஅத் குரூப் ஒண்ணு இருக்கு. குரல்ல பேசிப் போட்டுரலாம். உங்க பேரு, நம்பர் சொல்லலாமா? நம்பர் இல்லாம போட்டா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. வதந்தின்னு விட்டுருவாங்க."

கோதை முகம் வந்தது. இவர் முகம் வந்தது.

"சொல்லுங்க" என்றேன்.


அதே நாள், சாயங்காலம்

ஐயோ.

காஜா மைதீன் போட்டது சரியாகத்தான் இருந்தது. நானே கேட்டேன். ஆனால் மூன்று மணிக்குள் அது வேறாகிவிட்டது. யாரோ எழுத்தில் போட்டு யாரோ சேர்த்து: "ஸ்ரீரங்கத்தில் மரத்தடியில் பெட்டி வைத்துக் குழந்தைகளுக்கு விஷ வளையல் கொடுக்கும் கும்பல். ஜாக்கிரதை. அதிகம் பகிரவும்." கீழே என் நம்பர். என் நம்பர்!

இருபத்து மூன்று அழைப்பு. ஒருத்தன் பேசிய பேச்சை எழுத மாட்டேன். ஒரு அம்மா "உனக்குப் புள்ளைங்க இல்லியா?" என்று மட்டும் கேட்டு வைத்தாள். அதுதான் ரொம்ப வலித்தது. மயிலை அன்னமாக்கச் சொன்னவர்கள் ரவிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

இவருக்குப் பட்டறையிலேயே செய்தி போயிருக்கிறது. வந்தவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிட்டு வந்திருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டார்.

ஃபோனை அணைத்துவிட்டேன். இனி என்னால் முடியாது.


மே 7, புதன்

காலையில் பெலிண்டா வந்து நின்றாள். லீவு போட்டு வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் முதல் வார்த்தை, "ஃபோன் எங்க?"

"அணைச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு நம்பர் குடுத்தீங்க, எதுக்கு அணைச்சீங்க?"

ஆன் பண்ணினேன். ஃபோனைத் திறக்கிற நம்பரை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். வரிசையாகத் தவறிய அழைப்புகள் விழுந்தன. பெரும்பாலும் ஒரு தடவை கூப்பிட்டு விட்டவர்கள். ஒரே ஒரு நம்பரிலிருந்து மட்டும் நான்கு தடவை. நேற்று இரண்டு, இன்று விடிந்ததும் இரண்டு. திட்டுகிறவர்கள் நான்கு தடவை கூப்பிட மாட்டார்கள் என்றாள் பெலிண்டா.

கூப்பிட்டேன். ஒரு பெண் குரல். "நீங்கதானே அந்த வளையல்? என் புள்ள கையில இருக்குங்க. நாலு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்லியே நீங்க."

சாரா பீவி. பாலக்கரை. வெள்ளிக்கிழமை கொள்ளிட மணலில் பிள்ளைகளை விளையாட விட்டு, திரும்பும் வழியில் கொன்றை நிழலில் உட்கார்ந்தபோது பெரியவள் கல்லிடுக்கில் டப்பாவைப் பார்த்திருக்கிறாள். மூன்று பிள்ளைகள். ஷஹனாஸ், கலீம், சம்ரீன். அதுதான் மூணு குருவி. வளையல் கடைக்குட்டி சம்ரீனுக்கு. மூன்று வயது.

"விதையை எண்ணிப் பாருங்க" என்றேன். "பதினாலு இருக்கணும்."

"நேத்து மதியம் நூலு அறுந்து வீடெல்லாம் உருண்டுடுச்சுங்க. பொறுக்கி வச்சிருக்கேன், இருங்க." எண்ணுகிற சத்தம் கேட்டது. நான் இங்கே கூடவே எண்ணினேன். பதிமூன்றில் நின்றது.

நின்றேவிட்டது.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. மாம்பழம் தின்னா, அதான்னு நெனச்சேன்" என்றாள்.

இதற்குமேல் இன்று எழுத வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.


மே 8, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பதிமூன்று விதையையும் ஒரு தட்டில் போட்டுப் பார்த்தார். ஓட்டை வழியாக ஊசி போகிறதா என்றுகூடப் பார்த்தார். அந்த ஓட்டை நான் போட்டது. "இதுக்கு முறிவு மருந்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. தண்ணி ஏத்தி, ரத்தம் பார்த்து, கவனிச்சுக்கிட்டே இருக்கணும். மூணு நாளைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. முழுங்கினாளா இல்லியான்னே நமக்குத் தெரியாது."

நேற்று ராத்திரிக்குள் வயிற்றாலே போக ஆரம்பித்துவிட்டது. இன்று அதில் லேசாகச் சிவப்பு.

நான் கொலைகாரியா? யாரிடம் கேட்பது இதை?

சாரா பீவியை முதன்முதலாகப் பார்த்தேன். முப்பது இருக்கும், என்னைவிடச் சின்னவள். கறுப்பு புர்காவில் மூக்கு மட்டும் சிவந்து தெரிந்தது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் புருஷன் சவூதி தம்மாமிலிருந்து வீடியோவில் திட்டினான், அது கேட்டது. அவள் திட்டவில்லை. "நீங்க போங்க. உங்களப் பார்த்தா எனக்குப் பதறுது" என்றாள், அவ்வளவுதான்.

வாசலுக்கு வந்துவிட்டேன். போகவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு மயில்கொன்றை, தீப்பிடித்தது போலப் பூத்து நிற்கிறது. இரண்டு வருஷமாக எந்த மரம் பூத்தாலும் நின்று பார்த்தவள் நான். இன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நிழலுக்காக மட்டும் உட்கார்ந்தேன்.


மே 9, வெள்ளி

இவர் செய்ததை எழுதியே ஆக வேண்டும். வாயை மூடு, படத்தை அழி என்றவர் இன்று வேலைக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து காந்தக் கட்டை, டார்ச், மெல்லிய கம்பி என்று எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போயிருக்கிறார். (விதைக்குக் காந்தம் எதற்கு? நானும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.) ஷஹனாஸ் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காவல். கட்டிலைப் புரட்டி, பீரோவை நகர்த்தி, தையல் மெஷின் அடி, சாக்கடைக் குழி வரை பார்த்தாராம். ஒரு பச்சைக் கண்ணாடி மணி கிடைத்தது. விதை கிடைக்கவில்லை.

மணியை என் கையில் வைத்துவிட்டு, "தரையில எங்கயும் இல்ல கமலா" என்றார். அழுதார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவை பார்க்கிறேன்.

தரையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.


மே 10, சனி

வாந்தி நின்றிருக்கிறது. பெலிண்டா உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னாள். ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை.

ரெங்கநாதா. அல்லாஹ். மாதாவே. யார் காதில் விழுந்தாலும் சரி.


மே 11, ஞாயிறு

ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கிறது. நாளைக்கும் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம். ஏன் பிழைத்தாள் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "மெல்லாம அப்படியே முழுங்கியிருக்கலாம். ஓட்டை சின்னதா இருந்திருக்கலாம். சிலநேரம் இப்படி ஆகும். இத நம்பி மறுபடி எதுவும் செய்யாதீங்க" என்றார்.

சம்ரீனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பட்டை. இட்லியைத் தின்பதைவிடப் பிய்த்துப் போடுவதுதான் அதிகம். வாசலுக்கு வந்ததும் மரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.


மே 12, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சாரா பீவி படியிறங்கி என்னிடம் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"அந்த மெசேஜ் வரலைன்னா மாம்பழ வாந்தின்னுதான் நெனச்சிருப்பேன். எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்துட்டு வீட்டுலயே வச்சிருப்பேன். நீங்க பேரப் போட்டீங்க, நம்பரப் போட்டீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை.


மே 18, ஞாயிறு

குரூப்பில் எல்லாரும் நேரில் கூடி எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். இனி விதை, காய், மணி எதுவும் கூடாது என்று விதி. சின்னப் பிள்ளை விழுங்கக்கூடிய அளவில் எந்தச் சாமானும் கூடாது. மூடியின் மேல் வைத்தவர் பெயரும் நம்பரும் இருக்க வேண்டும். கடைசி விதியைச் சொல்லும்போது பெலிண்டா என்னைப் பார்க்கவில்லை. அது அவள் நல்ல குணம்.

நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. கோதை என்னோடு பேசவில்லை.

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், ஓட்டை போட்டுக் கோக்க யாருக்கும் குன்றிமணி தரக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். "எங்க அப்பா காலத்துலேர்ந்து விக்கிறோம், ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். எனக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை என்றேன்.


மே 24, சனி

இரண்டு ரவிக்கை புதிதாக வந்திருக்கிறது. பாலக்கரையிலிருந்து, காஜா மைதீன் அனுப்பியவர்கள். ஊசியைச் சுட வைக்க வேண்டியிருந்த ஒரு வேலையை வேண்டாம் என்றேன்.


மே 30, வெள்ளி

மதியம் ஃபோன். சாரா பீவி நம்பர். திரும்ப ஏதோ ஆகிவிட்டது, உள்ளே தங்கியிருந்து இப்போது... எடுத்தேன்.

"ஆன்ட்டி, நான் ஷஹனாஸ். அடுத்த பெட்டி எந்த மரத்துல?"

சம்ரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அவளா? காலையிலேர்ந்து என் நோட்டைக் கிழிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள். பின்னால் சாரா பீவி குரல் கேட்டது: "யாருடி ஃபோன்ல?" வைத்துவிட்டாள்.

பெலிண்டா நம்பரை அனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.


ஜூன் 15, ஞாயிறு

முக்கொம்பு. பெலிண்டா வைத்த டப்பா, பூமருதுக்குப் பக்கத்தில். நான் போவதாகவே இல்லை. கோதை மூன்று நாள் சோறு இறங்காமல் முரண்டு பிடித்ததால் போனேன், தேட மாட்டேன், ஓரமாக உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லி.

அவர்களும் வந்திருந்தார்கள். பெலிண்டா எனக்குச் சொல்லவில்லை, கள்ளி. பார்த்ததும் திரும்பிப் போக எழுந்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். சாரா பீவி தூரத்தில் இருந்து பார்த்தாள். தலையை அசைத்தாளா, இல்லையா, தெரியவில்லை. ஒருமணி நேரம் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். பிள்ளைகள் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். கோதையும் ஷஹனாஸும் ஃபோனைப் பார்த்து நடப்பதும், கலீம் அதற்குள் ஓடித் தப்பான மரத்தைத் தட்டுவதும். பூமருது இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. கசக்கிய பட்டு மாதிரி ஊதா. தரையெல்லாம் அதுதான்.

சம்ரீன் ஆடி ஓடித் தூங்கிவிட்டாள். சாரா பீவி தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். டப்பா மதகுப் பக்கத்துப் பூமருதில் என்று தெரிந்து பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள். தண்ணீர் இருக்கிற இடம். "கலீமு, நில்லுடா" என்று இரண்டு அடி போனாள். குழந்தையோடு ஓட முடியவில்லை. இவரும் பெலிண்டாவும் அதற்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.

அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இவளக் கொஞ்சம் பிடிங்க. நான் அதுங்களோட போயிட்டு வந்துர்றேன்."

நான் கையை நீட்டினேனா என்றே நினைவில்லை. சம்ரீன் என் மடியில் இருந்தாள். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. எலும்பே இல்லாதது போல ஒரு கனம். வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலேயிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒன்று அவள் கன்னத்தில் விழுந்தது, எடுத்தேன். ஒன்று கழுத்தில், எடுத்தேன். உதட்டுப் பக்கம் ஒன்று. பூமருது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். பெலிண்டாவிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இருந்தாலும் எடுத்தேன்.

வேறெங்கும் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்தேன், சாரா பீவி எங்கே போகிறாள் என்று பார்க்க. பாதையில் பாதி தூரம் போயிருந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டபடி. மதகு வரை போனாள். அங்கே டப்பா கிடைத்துவிட்டது போல, எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், அவளும் குனிந்தாள்.

ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.